சர்வர் மறைக்காமல் விட்ட நான்கு வரிகள்

2003-ஆம் வருடம், விஜயதசமி அன்று காலையில் நடந்தது இது. அப்போது நான் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப் புடவை நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் என்று பெயர் வைத்த எதுவாக இருந்தாலும் அங்கே நான்தான் பொறுப்பு. பிரிண்டருக்கு ரிப்பன் மாட்டுவதும் நான், எலி கடித்த வயருக்கு ஒட்டுப் போடுவதும் நான். வயது இருபத்தாறு. செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவேன். கெட்டிக்காரி என்ற நினைப்பு நிறைய உண்டு, கோபம் அதைவிட நிறைய. ஆனால் கோபம் வந்தால் யாரிடமும் சண்டை போட மாட்டேன், எங்கேயாவது எழுதி வைத்துவிடுவேன். அந்தப் பழக்கம்தான் அன்றைக்கு ஒரு மனிதரை நடுத்தெருவில் நிறுத்தப் பார்த்தது.

அந்த வருடம் சித்திரையில் நான் அங்கே ஒரு வெப் சர்வர் அமைத்திருந்தேன். சர்வர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். நூல் அறையை ஒட்டிய தடுப்புக்குள் ஒரு சாதாரண கம்ப்யூட்டர், அதில் லினக்ஸ், அதன்மேல் கேட்கிற பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் அப்பாச்சி என்ற மென்பொருள். கவுண்டரில் ஒரு கம்ப்யூட்டர், நூல் அறையில் ஒரு கம்ப்யூட்டர். இரண்டும் இதனிடம் கேட்டு வாங்கித்தான் எதையும் காட்டும். பக்கங்களை பி.எச்.பி. என்ற மொழியில் எழுதியிருந்தேன். அந்த மொழியின் வசதி என்னவென்றால், வலைப்பக்கத்துக்குள்ளேயே கட்டளைகளை எழுதிவிடலாம். சர்வர் அவற்றைப் படித்து, வேலையை முடித்து, விடையை மட்டும் திரைக்கு அனுப்பும். நம் கட்டளைகள் யார் கண்ணுக்கும் தெரியாது. நடுநடுவே நமக்காக நாமே எழுதிக்கொள்ளும் குறிப்புகளும் தெரியாது. சமையல்கட்டில் பேசுவது பந்தியில் கேட்காது அல்லவா, அந்த தைரியம் எனக்கு.

நான் எழுதிய பக்கம் இதுதான். கல்யாணத்துக்குப் புடவை நெய்யச் சொல்ல வருகிறவர்கள், உடல் இந்தக் கலர், கரை அந்தக் கலர் என்று கேட்பார்கள். இருப்பில் எந்தெந்தக் கலர் நூல் இருக்கிறது, எந்த அலமாரியில் இருக்கிறது என்று பக்கம் காட்டும். நூலை எடுத்து வந்து விரித்துக் காட்டி, இது பொருந்தும், இது பொருந்தாது என்று சொல்லும் வேலை கலர் மாஸ்டருடையது. ஐம்பதை நெருங்கும் வயது, வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்னக் கத்தரி. அவர் சொன்ன கலரில் நெய்த புடவையை முதலாளி மறுபடி பார்க்கக்கூட மாட்டார், அவ்வளவு நம்பிக்கை.

எனக்கும் அவருக்கும் ஆடி மாதத்தில் முறுக்கிக்கொண்டது. கடல் பச்சைக் கரை கேட்டவர்களுக்கு நீலக் கரையில் புடவை நெய்து வந்துவிட்டது. முதலாளி சத்தம் போட்டதும் மாஸ்டர் தயங்காமல், "கம்ப்யூட்டர்ல தப்பா காட்டிக்கினு இருந்துது முதலாளி" என்று சொல்லிவிட்டார். கம்ப்யூட்டரில் பச்சை என்றுதான் இருந்தது. நான் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. ஐந்து நாள் எல்லோர் எதிரிலும் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அடுத்த வாரமே மாஸ்டர் என்னிடம் வந்து, பக்கத்தில் ‘முடிச்சு’ என்று ஒரு கட்டம் போடச் சொன்னார். சாயத் தொட்டியில் முக்கும்போது பேப்பர் சீட்டு கரைந்து போகும் என்பதால், சாயக்காரர்கள் சிட்டத்தை, அதாவது நூல் கற்றையை, கட்டும் கயிற்றில் முடிச்சு போட்டுத்தான் எண் வைப்பார்கள். மூன்று முடிச்சு, கொஞ்சம் இடைவெளி, இரண்டு முடிச்சு என்றால் முப்பத்திரண்டு. எந்தக் கலருக்கு எந்த எண் என்று திரையில் தெரிய வேண்டும் என்றார். அப்படியே எழுத்தையும் பெரிதாக்கச் சொன்னார். "இன்னும் கொஞ்சம் பெருசு பண்ணுமா. இன்னும் கொஞ்சம்." இரண்டு நாள் அவரையே கவனித்தேன். விஷயம் புரிந்துவிட்டது. அவர் நூலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதெல்லாம் பாவனை. விரல்கள் மட்டும் கயிற்றைத் தடவிக்கொண்டிருக்கும். கண்ணில் பூ விழுந்திருந்தது போலிருக்கிறது, பச்சைக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

நேரே போய் முதலாளியிடம் சொல்லியிருக்கலாம். அல்லது அவரிடமே கேட்டிருக்கலாம். நான் இரண்டையும் செய்யவில்லை. எழுத்தைப் பெரிதாக்கும் கட்டளைக்கு மேலே, இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக, நான்கு வரி எழுதி வைத்தேன். ‘கலர் மாஸ்டருக்குக் கலர் தெரியலை. முடிச்சைத் தடவிப் பார்த்துத்தான் சொல்றார். தப்பு பண்ணிட்டுப் பழியை கம்ப்யூட்டர் மேல போடறார். குருடருக்காக எழுத்தைப் பெரிசு பண்ணியிருக்கேன்.’ எழுதியதும் மனசு லேசாகிவிட்டது. அதை மறந்தும் போனேன்.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு ஊரில் தறிச் சத்தமே இருக்காது. முதல் நாள் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, தறி, ராட்டை, கத்தரி, தராசு எல்லாவற்றையும் சாமிக்கு முன் வைத்துவிட்டால், விஜயதசமி காலை வரை யாரும் தொடக்கூடாது. சர்வரையும் நிறுத்தச் சொன்னார் முதலாளி. சித்திரையிலிருந்து ஒரு நிமிஷம்கூட நிற்காத மெஷின் அது, கரண்ட் போனால் நிற்கக் கூடாது என்று கெஞ்சிக் கூத்தாடி யு.பி.எஸ். வாங்கி வைத்திருந்தேன். வேண்டாம் என்று மன்றாடினேன்.

"தறியே நிக்குது. உன் பொட்டி ஒரு நாள் நின்னா இன்னாமா ஆயிடும்?" என்றார்.

நிறுத்தினேன். அதன் நெற்றியில் எட்டணா அகலத்துக்குக் குங்குமம் வைத்தார்கள்.

மறுநாள் விஜயதசமி. ஒன்பது மணிக்குள் கடைக்கு வந்து சர்வரை ஓட விட்டேன். தெருவில் ஒவ்வொரு தறியாகச் சத்தம் கிளம்பிக்கொண்டிருந்தது. பொரி கடலை பொட்டலத்தைப் பிரித்து வாயில் போட்டபோது கவுண்டரில் இருந்த பெண் ஓடி வந்தாள்.

"அக்கா, நம்ம பக்கத்துக்கு இன்னாவோ ஆயிட்சி. ஒரே இங்கிலீஷா ஓடுது. நீங்க சொன்ன மாதிரி பிரிண்ட் எடுத்துட்டேன்."

எரர் வந்தால் என்னிடம் வாயால் விவரிக்க வேண்டாம், பிரிண்ட் எடுத்துக் கொடு என்று அவளுக்கு நான்தான் சட்டம் போட்டிருந்தேன். எழுந்து போய்ப் பார்த்தேன். திரை முழுக்க நான் எழுதிய கட்டளைகள். சர்வர் என் பக்கத்தைப் படித்து விடையை அனுப்புவதற்குப் பதில், அப்படியே பச்சையாகத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. கையால் இழுத்து இழுத்துக் கீழே போனேன். மூன்றாவது திரையில் அந்த நான்கு வரிகள் இருந்தன.

"பிரிண்ட் எங்கே?"

"கலர் பேரெல்லாம் இருந்துதா, மாஸ்டர் கேட்டாரு. அவருகிட்ட குடுத்துட்டேன்."

என் இடத்துக்கு ஓடினேன். முதல் வேலையாகக் கோப்பைத் திறந்து நான்கு வரிகளையும் அழித்தேன். திரையிலிருந்து போய்விட்டன. காகிதத்தில் இருப்பதை என்ன செய்ய முடியும்? திரும்பிப் பார்த்தால் தடுப்பு வாசலில் மாஸ்டர் நிற்கிறார். கையில் ஒன்பது பக்கம், துளை போட்ட ஓரத்தோடு, நீளமாகத் தொங்குகிறது. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, காகிதத்தை மூக்கோடு ஒட்டிப் பிடித்திருந்தார்.

"இன்னாமா இது? எழுத்து பொடியா இருக்குது. ‘கலர் மாஸ்டர்’னு என்னைப் போட்டிருக்கிற மாதிரி தெரியுது. படிச்சிச் சொல்லு."

"அது மெஷின் பாஷை சார். ஒண்ணுமில்லை, குடுங்க" என்று கை நீட்டினேன்.

அவர் கொடுக்கவில்லை. நான்காக மடித்துச் சட்டைப்பையில் கத்தரிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பதினோரு மணிக்கு நல்ல நேரம். கல்யாண வீட்டுக்காரங்க வராங்க. முதல் ஆர்டர்னு முதலாளி கூடவே நிப்பாரு. அதுக்குள்ள இது வரணும்மா."

அவர் குரலில் ஏதோ இருந்தது. அதிகாரம் இல்லை, பயம். நான் யோசித்தேன். சேமித்து வைத்த தகவல் எல்லாம் பத்திரமாகத்தான் இருந்தது, காட்டும் பக்கம்தான் கெட்டிருந்தது. நேரடியாக எடுத்துப் பேப்பரில் பெரிதாக எழுதித் தரட்டுமா என்று கேட்டேன்.

"கல்யாணப் பொண்ணு ஒரு கலரோட நிக்குமா? நூறு கலர் கேக்கும். பேப்பர்ல எதைன்னு தேடுவேன்?" என்றவர், சற்று நிறுத்தி, "அந்தப் பெரிய எழுத்துதான் எனக்கு வசதி" என்றார்.

என் பக்கம் இல்லாவிட்டால் இந்த மனிதர் பதினோரு மணிக்கு முதலாளி முன்னால், வந்தவர்கள் முன்னால், எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்பார். முப்பது வருஷப் பேர் ஒரு நிமிஷத்தில் போய்விடும். நான் கேலி செய்து எழுதிய அந்தப் பெரிய எழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நின்றுகொண்டிருந்தார். மணி ஒன்பதே கால். என்ன ஆனாலும் பதினோரு மணிக்குள் இதை ஓட வைக்காமல் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை என்று முடிவு செய்தேன்.

சர்வர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதெல்லாம் ஒரு கோப்பில் எழுதியிருக்கும். அது எங்கே இருக்கிறது என்று மானிட்டர் ஓரத்தில் சீட்டு ஒட்டி வைத்திருந்தேன். திறந்தேன். ‘பி.எச்.பி. பக்கம் வந்தால் அந்த மொழியிடம் கொடு’ என்று சொல்லும் வரி இருக்கிறதா? இருந்தது. புத்தகத்தை எடுத்தேன், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய தடித் தலையணை. எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன். சரியாக இருந்தது. அந்த வரியை அழித்து மறுபடி எழுதினேன். சர்வரை நிறுத்தி மறுபடி கிளப்பும் கட்டளையைப் புத்தகத்தில் பார்த்துக் கொடுத்தேன். நிறுத்தினேன், ஓகே என்றது. கிளப்பினேன், ஓகே என்றது. திரையில் அதே வெறும் கட்டளைகள்.

பிரவுசர் பழையதையே எடுத்துக் காட்டுகிறதோ என்று அதன் சேமிப்பைத் துடைத்தேன். அதேதான். இன்னொரு வரி சேர்த்தேன். ஓகே, ஓகே, அதேதான். மெஷினையே ஒரு தடவை அணைத்துப் போட்டேன். அது எழுந்து, தன் வட்டைத் தானே சோதித்து, சாவகாசமாக வர இருபது நிமிஷம் ஆனது. அந்த இருபது நிமிஷமும் மாஸ்டர் ஒரு சிட்டத்தை மடியில் வைத்து முடிச்சுகளை எண்ணிக்கொண்டே இருந்தார். பையிலிருந்து காகிதத்தின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எனக்குப் பார்வை அதிலேயே போய் நின்றது.

பத்து மணி. கவுண்டர் பெண் எட்டிப் பார்த்து, "பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர்ல போயி நெட்ல பாக்கலாமேக்கா" என்றாள். அங்கே டயல்-அப் கிடைக்கவே அரை மணி ஆகும். "மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். தப்பு இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது, நானே வைத்த தப்பு, வெளியூர்க்காரன் வந்து சொல்ல வேண்டியதில்லை.

பத்தேகால். அந்த மொழியைச் சர்வருக்குள் ஏற்றும் வரியை வேறு விதமாக எழுதினேன். ஓகே, ஓகே. பத்து இருபது. கோப்பில் இருந்ததை எல்லாம் மாற்றி மாற்றிப் பார்த்தாகிவிட்டது. நான் எதைச் செய்தாலும் அது சந்தோஷமாக ஓகே என்றது, செய்ததில் ஒன்றைக்கூட ஏற்கவில்லை. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அந்தக் கோப்பின் நடு மத்தியில், ‘ஒழிஞ்சு போ சனியனே’ என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்து, சேமித்து, மறுபடி கிளப்பினேன். என் பழைய வியாதிதான், வேறொன்றும் இல்லை.

ஓகே என்றது.

திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இது எப்படி ஓகே ஆகும்? அந்தக் கோப்பில் ஒரு புள்ளி பிசகினாலும் அப்பாச்சி அந்த வரி எண்ணைச் சொல்லி மறுத்துவிடும், எழுந்திருக்கவே எழுந்திருக்காது. இவ்வளவு பெரிய வசவை நட்ட நடுவில் வைத்தும் மூச்சு விடாமல் கிளம்புகிறது என்றால், அது என் கோப்பைப் படிக்கவே இல்லை. ஒரு மணி நேரமாக நான் திருத்திக்கொண்டிருந்தது வேறு யாருடைய ஜாதகத்தையோ.

அப்புறம்தான் சித்திரை மாதம் ஞாபகம் வந்தது. லினக்ஸ் சிடியோடு ஒரு அப்பாச்சி வந்திருந்தது. அதை நிறுவியபோது பி.எச்.பி. இல்லாமல்தான் நிறுவியிருந்தேன். அதனால் நானே இன்னொரு அப்பாச்சியைத் தனியாகச் சேர்த்துக் கட்டி, வேறொரு இடத்தில் வைத்து, கையால் கிளப்பி விட்டிருந்தேன். சிடியில் வந்ததை அன்றைக்கு நிறுத்தினேனே தவிர, மெஷின் எழும்போதெல்லாம் தானும் எழும்பும் பட்டியலிலிருந்து அதை எடுக்கவில்லை. என்னுடையதை அந்தப் பட்டியலில் சேர்க்கவும் இல்லை. நாளைக்குச் செய்யலாம், நாளைக்குச் செய்யலாம் என்று ஐந்து மாதம் ஓடிப்போயிற்று. மெஷின் நிற்கவே இல்லை, அதனால் என் சோம்பேறித்தனமும் வெளியே தெரியவில்லை. பூஜைக்கு நிறுத்தி எழுப்பியதும், அந்த மொழியே தெரியாத பழையது முந்திக்கொண்டு எழுந்து, என் பக்கங்களை வெறும் எழுத்தாக நினைத்து எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தது. புத்தகத்தில் இருந்த கட்டளை கிளப்பியதும் அந்தப் பழையதைத்தான். எதைத் திருத்துவது என்று மானிட்டரில் சீட்டு ஒட்டிய நான், எதைக் கிளப்புவது என்று எழுதாமல் விட்டிருந்தேன்.

"இன்னாமா, சிரிக்கிற?" என்றார் மாஸ்டர். நான் சிரித்தது எனக்கே தெரியவில்லை.

"கிடைச்சிடுச்சு சார்."

பழையதை நிறுத்தினேன். என்னுடையதைக் கையால் கிளப்பினேன். உடனே கோபித்துக்கொண்டது, இத்தனையாவது வரியில் ‘ஒழிஞ்சு போ’ என்று இருக்கிறது, எனக்குப் புரியவில்லை என்று. எரர் செய்தி வந்து அவ்வளவு சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான். வசவை அழித்தேன், மறுபடி கிளப்பினேன், நூல் அறைக் கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்தேன். பெரிய பெரிய எழுத்தில் வந்தது. மாம்பழம், நான்கு - ஒன்று. அரக்கு, இரண்டு - ஆறு. மாஸ்டர் நின்ற இடத்திலிருந்தே கண்ணைச் சுருக்கி வாசித்தார். தோள் இறங்கியது. மணி பத்து நாற்பது. மறுபடி ஏமாறக் கூடாது என்று அந்தக் கையோடு, எழும்பும் பட்டியலிலிருந்து பழையதை எடுத்துவிட்டு என்னுடையதைச் சேர்த்தேன்.

பதினோரு மணிக்குக் கல்யாண வீட்டார் வந்தார்கள். முதலாளி விபூதி நெற்றியோடு பக்கத்தில் நின்றார். நான் நூல் அறைக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாம்பழ உடல், அரக்குக் கரை என்று ஆரம்பித்த பெண், வாடாமல்லி கேட்டாள், மயில் கழுத்து கேட்டாள், கடைசியில் கடல் பச்சை கேட்டாள். ஆடியில் தவறிய அதே கலர். மாஸ்டர் உள்ளே வந்தார், திரையைப் பார்த்தார், அலமாரிக்குப் போனார். அவர் விரல்களை அன்றுதான் சரியாகப் பார்த்தேன். கயிற்றில் ஒரு முறை, மறுபடி ஒரு முறை, உறுதிக்கு மூன்றாம் முறை. ஒரு சிட்டத்தைத் தொட்டு, நிறுத்தி, விட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார். அந்தப் பெண் அதைத் தெரு வெளிச்சத்துக்கு எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு, இதேதான் என்று சிரித்தாள். எவ்வளவு உழைப்பு அது! பார்த்துச் சொல்கிறவனுக்கு ஒரு நொடி. இவர் ஒவ்வொரு கலருக்கும் உயிரைப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை எண்ணியிருக்கிறார். நான் அதைத் ‘தடவிப் பார்த்து’ என்று எழுதியிருந்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு நூல் அறைக்குக் கூப்பிட்டார். வேறு யாரும் இல்லை. பையிலிருந்து காகிதத்தை எடுத்து என் முன்னால் விரித்தார்.

"இப்ப படி."

"சார், அதான் சரியாயிடுச்சே."

"மெஷின் பாஷைன்னு சொன்ன. மெஷின் எதுக்குமா என்னைப் பத்திப் பேசுது?"

இன்னொரு பொய் சொல்லியிருக்க முடியும். அவரால் படிக்க முடியாது. கவுண்டர் பெண் அத்தனை தூரம் வாசித்திருக்க மாட்டாள். ஆனால் காலையில் அந்த விரல்களைப் பார்த்த பிறகு எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. படித்தேன். முதல் வரி. இரண்டாவது வரி. மூன்றாவது வரியில் அவர் தலை குனிந்தது. நான்காவது வரியின் முதல் வார்த்தையில் நான் நின்றுவிட்டேன்.

"அடுத்து இன்னா? முழுசா படி."

படித்தேன். நான் எழுதிய வார்த்தை, என் குரலில், அவர் முகத்துக்கு எதிரே. அதைவிடப் பெரிய தண்டனையை எனக்கு யாரும் கொடுத்ததில்லை. அழுகை வந்துவிட்டது, மன்னிச்சிடுங்க சார் என்றேன். அவர் கத்தரியை எடுத்து, கையில் இருந்த சிட்டத்தில் நீட்டியிருந்த ஒரு பிசிறை நறுக்கினார்.

"அந்த நீலக் கரை என் தப்புதான். உன் தலையில கட்டிட்டேன். அது அன்னிலேர்ந்து எனக்கு உறுத்திக்கினுதான் இருந்துது" என்றார். பிறகு, "நாலு வரியில மூணு வரி நெஜம்மா. நாலாவதுதான் தப்பு. நான் குருடன் இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போவ பயந்துக்கினு இருக்கிறவன்."

அன்று சாயங்காலமே அவர் முதலாளியிடம் போனார். கதவு சாத்தியிருந்தது, என்ன பேசினார்கள் என்று தெரியாது. வெளியே வந்த முதலாளி நேராக என்னிடம் வந்து, "ஆடியில உன்னை ரொம்பப் பேசிட்டேன்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மாஸ்டருக்குக் கண் புரை ஆபரேஷன் நடந்தது. அவர் இல்லாதபோது வேறொருவர் வந்து கலர் பார்த்தார். கறுப்புக் கண்ணாடியோடு வீட்டில் கிடந்த மாஸ்டருக்கு அதுதான் பொறுக்கவில்லை, தினமும் கடைக்கு போன் செய்து கவுண்டர் பெண்ணைக் குடைவார்.

பொங்கல் முடிந்து வந்தார். வந்தவர் சிட்டத்தைத் தொடவில்லை, நேராக என் கம்ப்யூட்டர் முன்னால் நின்றார். பக்கத்தின் பின்னணியில் நான் ஒரு பச்சை போட்டிருந்தேன். அதை உற்றுப் பார்த்தார்.

"இத்தினி மாசமா இந்தப் பச்சையையா போட்டு வச்சிருந்த? பட்டுக் கடையிலமா? கண்ணு அவிஞ்சி போவும்!" என்றார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் முதலாளி எட்டிப் பார்த்தார். பின்னணியை மாற்றினேன். எழுத்தைச் சிறிதாக்கட்டுமா என்று கேட்டேன். "வேணாம். அடுத்து வர்றவனுக்குக் கண்ணு எப்பிடியோ" என்றார். கட்டளைக்கு மேலே நான் அழித்திருந்த இடத்தில் ஒரே ஒரு வரி எழுதினேன்: ‘படிப்பவர் சிரமப்படக் கூடாது, எழுத்து பெரிதாகவே இருக்கட்டும்.’ எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். தலையாட்டினார்.

இப்போது சென்னையில் வேலை. என் பொறுப்பில் எத்தனையோ சர்வர்கள் ஓடுகின்றன. எதை அமைத்தாலும் அன்றைக்கே ஒரு தடவை முழுதாக அணைத்து எழுப்பிப் பார்த்துவிடுவேன், அது தொழிலுக்குக் கற்ற பாடம். மற்றது எனக்கே எனக்கானது: யார் கண்ணிலும் படாது என்று நினைத்து எதை எழுதினாலும், இதை அந்த ஆளின் எதிரில் உட்கார்ந்து உரக்கப் படிக்க என்னால் முடியுமா என்று இன்றைக்கும் ஒரு நிமிஷம் நிற்கிறேன், முடியாது என்று தோன்றினால், வரியை அழித்துவிட்டு எழுந்து போய் அவரிடமே பேசிவிடுகிறேன்.